இடதுபக்க ஜன்னல்

வெயிலோடு சண்டை போட்டு இன்ஸ்பெக்டர் அத்தை தோற்றுக்கொண்டிருந்தாள். மேல்தளத்தில் நல்ல நிழலாகப் பார்த்துத்தான் நாற்காலியைப் போட்டிருந்தாள். கப்பல் துறையில் வந்து நிற்பதற்குள் அந்த நிழல் சொல்லாமல் கொள்ளாமல் எதிர்ப்பக்கம் போய்விட்டது. முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியை இழுத்தபோது கீழேயிருந்து அலறல் கேட்டது.

"ஐயோ, என் முத்துமாலை!"

தம்பி மனைவியின் குரல். அத்தைக்கு முழங்கால் வலி மறந்தே போயிற்று. காவல் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தம்பி குடும்பத்தோடு கிளம்பி வந்த ஆற்றுப் பயணம் இது. கரைக்குக் கரை ராஜா கதை, இடிந்த மதில். எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது அத்தைக்கு மட்டும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

கீழே ஜன்னல் இல்லாத குறுகிய நடை. அறை வாசலில் தம்பி மனைவி காலி நகைப்பெட்டியோடு நின்றாள்.

"மேஜை மேலதான் வெச்சேன் அண்ணி. நம்ம குடும்பம்தானேன்னு கதவைப் பூட்டலை. மேலேர்ந்து கீழே வந்தவ இவ ஒருத்திதான்!"

'இவ' என்றது புது மருமகளை.

"உங்க மாத்திரையை எடுக்கத்தான் வந்தேன் அத்தை. திரையெல்லாம் மூடியிருந்தது. பெட்டியை நான் தொடக்கூட இல்லை. வெளியே வரும்போது ஸ்பீக்கர்ல கோட்டையைப் பத்திச் சொல்லிட்டு இருந்தாங்க. நேரா மேல வந்துட்டேன்" என்றாள் அவள் மாமியாரிடம்.

"அப்ப மாலைக்குக் கால் முளைச்சுதா? இந்தத் துறையிலேயே இறங்கு. உங்கம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்."

மருமகள் அழவில்லை. தன் அறைக்குப் போய்ப் பெட்டியில் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். அவள் கணவன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். தன் பெட்டியையும் இறக்கினான்.

"அவ இறங்கினா நானும் இறங்கறேன்மா."

கப்பல் இந்தத் துறையில் ஒரு மணி நேரம்தான் நிற்கும். இப்போது இறங்குகிற இருவரும் திரும்ப அந்த வீட்டு வாசற்படி ஏறமாட்டார்கள் என்பது அத்தைக்குப் புரிந்தது.

பணியாளர்கள் கயிறும் கையுமாக முன்தளத்தில் இருந்தார்கள். பயணிகள் மேலே, அவள் கண்ணெதிரே, படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழேயே தங்கியவர் ஒருவர்தான். மாமியாருடன் பிறந்த தம்பி. வீட்டில் எல்லாருக்கும் மாமா. அத்தை அவரைக் கூப்பிட்டாள்.

"நீங்க எங்க இருந்தீங்க தம்பி?"

"என் ரூம்லதான், இன்ஸ்பெக்டரம்மா."

"என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"இடதுபக்கம் கோட்டை வருதுன்னு ஸ்பீக்கர்ல சொன்னாங்களே. என் ஜன்னல் இடதுபக்கம்தானே. பைனாகுலர்ல அதையே பாத்துட்டு இருந்தேன். கப்பலைக் கட்டற வரைக்கும் கண்ணை எடுக்கலை." மார்பில் தொங்கிய தோலுறையைத் தட்டிக் காட்டினார்.

"சத்தம் ஏதாவது கேட்டுதா?"

"செருப்புச் சத்தம். பொண்ணுங்க செருப்பு மாதிரி... வேண்டாம், சின்னப் பொண்ணு, நான் எதுவும் சொல்லலை."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மேல ஒரே வெயில். அந்தக் கோட்டையை உங்க ஜன்னல்லேர்ந்து எனக்கும் காட்டுங்களேன்."

"அதுக்கென்ன, வாங்க!"

மாமா கதவைத் திறந்து பெருமையாகக் கையை நீட்டினார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

ஜன்னல் நிறைய ஆறு. அதற்கப்பால், வெகுதூரத்தில், புதர் மண்டிய எதிர்க்கரை. கோட்டையும் இல்லை, துறையும் இல்லை.

"எங்க தம்பி கோட்டை?"

"இப்ப... நின்ன பிறகு திரும்பியிருக்கும்."

"கட்டின பிறகு கப்பல் எப்படித் திரும்பும்? இவ்வளவு நேரம் நாம நீரோட்டத்தோட வந்தோம். துறையில கட்டணும்னா நீரோட்டத்துக்கு முகம் காட்டி நிக்கணும். இல்லேன்னா தண்ணி பின்னாலேர்ந்து தள்ளிட்டே இருக்கும். அதனால கேப்டன் கப்பலை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பினார். என் நிழல் போனதே அதனாலதான். இங்க உட்கார்ந்திருந்தா கோட்டை உங்க ஜன்னலை விட்டே நழுவிப் போறதைப் பாத்திருப்பீங்க. அந்த நேரத்துல உங்க அக்காவோட திரை மூடின ரூம்ல இருந்தவருக்கு அது எப்படித் தெரியும்?"

அத்தை கட்டிலைச் சுட்டினாள். தலையணைமேல் பைனாகுலர் கிடந்தது.

"அது இங்க இருக்கு. அப்ப உங்க கழுத்துல தொங்கறது என்ன?"

உறைக்குள்ளிருந்து முத்துக்கள் அவள் உள்ளங்கையில் வழிந்தன.

பின்னால் வந்து நின்ற அக்காவைப் பார்த்து மாமா உடைந்துபோனார். "இது நம்ம அம்மா மாலை. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. என்னை ஒரு வார்த்தை கேட்காம, நேத்து வந்தவ கழுத்துல போடப்போறேன்னு சொல்லிட்டியே அக்கா. அந்த ஆத்திரத்துலதான்... அவ மேல பழி விழும்னு நினைக்கலை."

"நினைக்கலையா? செருப்புச் சத்தம் கேட்டது யாருக்கு?" என்றாள் அத்தை.

மாமியார் தம்பியைத் திட்டக்கூட நிற்கவில்லை. மாலையை வாங்கவும் இல்லை. நடையில் இடித்துக்கொண்டு ஓடினாள்.

மருமகள் இறங்குபலகையில் ஒரு காலை வைத்துவிட்டாள். மாமியார் அவள் கைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

"எங்கேம்மா போற?"

மருமகள் அந்த முகத்தைப் பார்த்தாள். பின்னால் முத்துமாலையோடு நின்ற அத்தையையும் பார்த்தாள். பிடியைத் தளர்த்தி, பெட்டியை மாமியார் கையிலேயே விட்டாள்.

"கோட்டையைப் பாக்க. உங்களுக்கு வேர்த்து ஊத்துது அத்தை. முதல்ல மாத்திரையைப் போடுங்க. நான் இங்கயே நிக்கறேன்."