பந்துக்கு முன்னால் நகர்ந்தவள்

“நீதான் சொல்லியிருக்கே!” என்று கத்தினான் அண்ணன்.

“நான் ஒண்ணும்—”

“குறுக்கே பேசாதே! முந்தாநாள் தண்ணிக் குழாய்கிட்ட அவகூட என்ன குசுகுசு?”

“பேட்டுக்கு உறை எங்கே வாங்கினேன்னு கேட்டா. அதுக்குப் பேர் குசுகுசுவா?”

“பந்து வர்றதுக்கு முன்னாடியே அவ நகர்றா! மெஷினோட ரகசியத்தை யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க!”

“எனக்கே தெரியாத ரகசியத்தை நான் எப்படிச் சொல்வேன்?”

அம்மா கரண்டியோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்தினா நான் யார் பக்கம் சேர்றது? ஒருத்தர் முடிச்சதும் இன்னொருத்தர் சண்டை போடுங்க.”

அண்ணன் ஷூ கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். கிளப்பில் அவனுக்கு நெட்டை என்று பெயர். தங்கைக்கு மிளகு என்று பெயர். ஆள் அந்த அளவுதான். வாய் அந்தக் காரம்.

இவர்களுடைய டேபிள் டென்னிஸ் கிளப் போன வருஷம் வரை சைக்கிள் கடை மாடியில் இருந்தது. இரண்டே மேசை. ஒன்றுக்குக் காலின் கீழ் செங்கல். புதிதாக யாராவது சேர வந்தால், இருக்கிற எல்லோரோடும் ஆளுக்கு ஒரு ஆட்டம் ஆட வேண்டும். தோற்றாலும் சிரித்துக்கொண்டு நின்றால் போதும். “நாளைக்கும் வா” என்பார் மாஸ்டர்.

இப்போது பெரிய கூடம். கண்ணாடிச் சுவர். குளிர்ச்சியான காற்று. நடுவில் பந்து வீசும் மெஷின்.

சேர வருகிறவர்கள் அதன் முன்னால் நிற்க வேண்டும். மெஷின் பந்துகளை வீசும். திரும்ப அடித்தது மேசையில் விழுந்தால் கணக்கில் சேரும். முடிவில் நூற்றுக்கு இவ்வளவு என்று திரை காட்டும். எண்பது வந்தால் பச்சை. குறைந்தால் சிவப்பு. சிவப்பு என்றால் வீட்டுக்கு.

பழைய ஆட்களுக்கும் இதே சோதனைதான். நெட்டைக்குப் போன வாரம் சிவப்பு வந்துவிட்டது. இன்று கடைசி வாய்ப்பு. இன்றும் சிவப்பு வந்தால் அவன் பேட்டைப் பரண்மேல் போட வேண்டியதுதான். அதே போன வாரம் புதிதாக வந்த ஒரு நீளப் பின்னல்காரி தொண்ணூற்றேழு வாங்கிவிட்டாள். அதனால்தான் வீட்டில் இந்தச் சண்டை.

கிளப்பிலும் அதே பேச்சுதான்.

“அவ காதுல என்னமோ மாட்டியிருக்கா. வெளியிலேருந்து யாரோ சொல்றாங்க.”

“அது தோடுடா.”

“தோடு மாதிரி செஞ்சிருப்பாங்க!”

“இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு எப்படி உட்கார்ந்திருக்கா பாரு.”

முன்பெல்லாம் ஒருவன் நன்றாக அடித்தால் மாடியே அதிரக் கத்துவார்கள். இப்போது யாரும் கத்துவதில்லை. அடுத்தவன் மதிப்பெண்ணை ஓரக்கண்ணால் பார்ப்பதோடு சரி. பேட்டைக்கூடப் பைக்குள் ஒளித்து வைத்துப் பூட்டினார்கள்.

அன்று முதலில் புதியவர்களுக்குச் சோதனை. கிளப் பிள்ளைகள் கண்ணாடிச் சுவரோரம் உட்கார்ந்து பார்த்தார்கள். நெட்டை மட்டும் வராந்தாவில் குதித்துக் குதித்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தான்.

மிளகு கண்கொத்திப் பாம்பு மாதிரி பின்னல்காரியையே பார்த்தாள். அவள் தனியாக ஓரத்து நாற்காலியில் இருந்தாள். உதடு அசைந்தது. முழங்கால்மேல் வைத்த விரல்கள் இடப்பக்கம் தட்டின, வலப்பக்கம் தட்டின.

‘ஆகா! அகப்பட்டுக்கிட்டா!’

மிளகு மெல்ல நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். விரல் இடப்பக்கம் தட்டியது. உடனே மெஷின் இடப்பக்கம் பந்து வீசியது. விரல் வலப்பக்கம் தட்டியது. பந்தும் வலப்பக்கம். ஒருமுறைகூடத் தப்பவில்லை.

முதலில் நின்ற உயரமான பையனுக்குச் சிவப்பு. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போனான். அவன் அப்பா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். அடுத்தவள் வந்தாள். விரல்கள் மறுபடியும் தொடங்கின. அதே இடது. அதே வலது.

மிளகுக்குச் சட்டென்று புரிந்தது.

“எல்லாருக்கும் ஒரே வரிசையிலதான் பந்து வருதா?”

பின்னல்காரி ஒன்றும் புரியாமல் முழித்தாள். “ஆமா. பத்துப் பந்து. அப்புறம் மறுபடியும் அதே பத்து. உங்க எல்லாருக்கும் தெரியும்தானே?”

“யாருக்குமே தெரியாது!”

“அப்புறம் எதுக்கு நம்மளை இங்கே உட்கார வெச்சுக் காட்டறாங்க? பார்த்துக் கத்துக்கத்தானே? நான் போன வாரம் கடைசி ஆளு. நல்லாப் பார்த்துக்கிட்டேன்.”

மிளகு சுற்றிலும் பார்த்தாள். எல்லார் கண்ணும் மதிப்பெண் திரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பந்தை ஒருவரும் பார்க்கவே இல்லை.

“நான் சொன்னேன்னு சொல்லிடாதே. ஏற்கெனவே யாரும் என்கூடப் பேசறதில்லை” என்றாள் பின்னல்காரி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். “வேணும்னா உன் அண்ணனுக்கு மட்டும் சொல்லிடேன். தப்பிச்சுப்பான்.”

மிளகுக்கு அது நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. வராந்தாவுக்கு ஓடினாள்.

“அண்ணா—”

“வேவு பார்க்க வந்தியா? போ, உன் பேச்சைக் கேட்க மாட்டேன்.”

“கேளேன்! இடது, அப்புறம்...”

வாசல் படியில் அந்த உயரமான பையன் உட்கார்ந்திருந்தான். ஷூவை ஒரு கையால் கழற்றி, மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். உயர வரிசைப்படி கூப்பிடுவதால் உயரமானவர்கள்தான் எப்போதும் முதலில் நிற்பார்கள். அண்ணனும் அப்படித்தான். முதலில் நிற்கிறவன் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வான்?

“இடது, அப்புறம் என்ன?” என்றான் நெட்டை.

“இரு, வரேன்.” மிளகு திரும்பி ஓடினாள். நேரே மாஸ்டரிடம் போய் மூச்சு வாங்க நின்றாள்.

“மாஸ்டர், மெஷின் எல்லாருக்கும் ஒரே வரிசையிலதான் வீசுது.”

“யார் சொன்னா?” மாஸ்டரின் புருவம் ஏறியது.

எல்லோரும் பின்னல்காரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“யாரும் சொல்லலை. நானே பார்த்தேன். வேணும்னா போட்டுப் பாருங்க!”

மிளகு மெஷினுக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணை மூடிக்கொண்டாள். மாஸ்டர் பொத்தானை அழுத்தினார்.

“இடது. வலது. வலது. நடு. கிட்ட. மறுபடியும் வலது...”

அவள் சொல்லச் சொல்லப் பந்து அங்கங்கே போய் விழுந்தது. ஏழாவதில் அவளுக்கு மறந்துவிட்டது.

“இடது” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பின்னல்காரி எழுந்து நின்றிருந்தாள். “அப்புறம் நடு. நான்தான் மாஸ்டர் முதல்ல பார்த்தேன். தப்புன்னு தெரியாது.”

மாஸ்டர் பந்தையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். “பார்த்துக் கத்துக்கிறது எப்பம்மா தப்பாச்சு?” என்று முணுமுணுத்தார்.

மிளகு குனிந்து மெஷினின் பின்பக்கத்தைப் பார்த்தாள். “மாஸ்டர், இங்கே ஒரு குமிழ் இருக்கு. அதுமேல ஏன் டேப் ஒட்டியிருக்கு?”

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். “மெஷினை மாட்டிட்டுப் போனவர் எதையும் தொடாதீங்கன்னு சொன்னார். தெரியாம யாராவது தொட்டுடப் போறீங்கன்னு நான்தான் ஒட்டினேன்.”

டேப்பை உரித்தார்கள். குமிழைச் சுற்றிச் சின்ன எழுத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, கடைசியில் ‘கலந்து’ என்று இருந்தது. முள் இத்தனை நாளும் ஒன்றிலேயே நின்றிருந்தது.

சத்தம் கேட்டு நெட்டை உள்ளே வந்திருந்தான். அந்த உயரமான பையனும் ஒற்றை ஷூவோடு அவன் பின்னால் நின்றான். நெட்டை தங்கை பக்கத்தில் வந்து நின்றான். தன் தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினான். மிளகு பாதியைக் குடித்துவிட்டுப் பின்னல்காரியிடம் கொடுத்தாள்.

மாஸ்டர் குமிழைக் ‘கலந்து’க்குத் திருப்பினார். “சரி, முதல்ல யார் வர்றது?”

ஒருவரும் அசையவில்லை.

“நீங்களே வாங்களேன், மாஸ்டர்” என்றாள் மிளகு. “உங்களுக்கு எவ்வளவு வருதுன்னு பார்த்தா எங்களுக்கும் ஒரு தைரியம் வரும்.”

“எனக்கென்ன பயம்?” மாஸ்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். மெஷின் வீசியது. இடது என்று பாய்ந்தார், பந்து கிட்டே விழுந்தது. நடு என்று நின்றார், பந்து வலதில் பறந்தது. ஆனாலும் சில பந்துகளை என்ன அடி அடித்தார்! பிள்ளைகள் வெகுநாளைக்குப் பிறகு கூடமே அதிரக் கத்தினார்கள். “அப்படிப் போடுங்க, மாஸ்டர்!”

மெஷின் நின்றது. மாஸ்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். திரையில் அறுபத்தெட்டு. சிவப்பு.

பிள்ளைகள் திரையையும் மாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“மாஸ்டர்,” என்றாள் மிளகு, மிகவும் கவலையாக, “அப்போ நாளையிலேருந்து நீங்களும் கிளப்புக்கு வரக் கூடாதா?”