ஐந்தரை மணி இருமல்

"என்ற வூட்டுக்காரரு இருமலை வெச்சுக் கச்சேரி பண்றயே அம்மிணி, உனக்கே இது நல்லா இருக்குதா?"

"அது அவரு இருமல் இல்லீங்கக்கா. அதுக்கு நேர் எதிரானது."

"இருமலுக்கு எதிரானது என்ன, தும்மலா?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சுலோச்சனா சிரிக்கவில்லை. வட்டமாக அடுக்கியிருந்த பதினோரு பழுதுப் பெட்டிகளுக்கு நடுவே செருப்போடு ஏறி நின்று, ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாவது பெட்டியில் அவள் தேடியது இருந்தது. ஆயுத பூஜையன்று அவள் கணவர் குப்புராஜ் வைத்த சந்தனப் பொட்டு. எதையும் நேராக வைக்கத் தெரியாத மனிதர். பொட்டும் ஒரு மூலையில் கோணலாகத்தான் இருந்தது.

கச்சேரிக்காரி நிறைமதி ஏழாம் மாடி. முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்பதற்கு அந்தக் குடியிருப்பில் நான்கு காரணங்கள் புழக்கத்தில் இருந்தன. சனிக்கிழமை சாயங்காலம் கெட்டுப்போன ஒலிவிழுங்கிப் பெட்டிகளை வண்டி நிறுத்துமிடத்தில் வட்டமாக வைத்து, ஒன்றின் வாயை இன்னொன்றின் காதுக்கு நேரே திருப்பிவிடுவாள். அவை ஒன்றையொன்று கேட்டு, கத்தி, கீறி, குக்கர் போலக் கூவி, கடைசியில் இரும்புக் கதவை யாரோ ஒரு மணி நேரம் இழுத்துச் சாத்துவது போல ஆகிவிடும். இதற்குக் கோளாறுக் கச்சேரி என்று பெயர் வைத்திருந்தாள். வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். வயிற்று வலிக்காரர்கள் போல இருந்தது முகம்.

சண்டை கீழ்த்தளத்தில் நடந்தது ஊர் செய்த புண்ணியம். கோவை நொய்யல் மேடு குடியிருப்பில் சுவரில் ஒலிவிழுங்கி மாட்டாத இடம் அது ஒன்றுதான். மாடியில் நடந்திருந்தால் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரிந்திருக்காது. அங்கே ஒரு நல்ல சண்டை காதில் விழுந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

அந்த ஒன்பது வருடத்துக்கு முன்னால்தான் சுவருக்கொரு பெட்டி வந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் எழும் அலை மேலே போனால் இந்தப் பெட்டி அதே அளவுக்குக் கீழே ஓர் எதிர் அலையை எறியும். இரண்டும் மோதி ஒன்றுமில்லாமல் போகும். சத்தத்தைக் கேட்ட பிறகு கணக்குப் போட்டால் நேரம் தப்பிவிடும் என்பதால், வீட்டு ஆட்களின் பழக்கங்களை முன்கூட்டியே படித்து வைத்திருக்கும். யார் எத்தனை மணிக்குக் கதவை அறைவார், யார் குளிக்கும்போது பாடுவார், எல்லாம் அத்துபடி. அந்தக் காலத்தில் இந்த வேலையைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் சம்பளமில்லாமல் செய்தார்கள்.

எல்லாரும் அடுத்த வீட்டுச் சுவரில் மாட்டினார்கள். சுலோச்சனா மட்டும் தன் அறைக்கும் கணவனின் அறைக்கும் நடுச்சுவரில் மாட்டினாள். குப்புராஜ் இருபத்தாறு வருடமாக விடிகாலை ஐந்தரைக்கு இருமுகிறவர். மூன்று குட்டை இருமல், ஒரு நீளம், ஒரு கனைப்பு, பிறகு "சுலோ, வெந்நி" என்று ஒரு குரல். வெந்நீர் வைப்பது அவளுக்குப் பெரிதில்லை. அந்தக் கனைப்புதான் ஆகாது. பெட்டி வந்த அன்றிலிருந்து ஏழு மணி வரை தூங்கினாள். குப்புராஜ் தானே வெந்நீர் போட்டுக்கொள்ளப் பழகினார். எட்டு வருடத்துக்கு மேல் அந்தச் சுவர் வழியாக ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை.

அவர் செத்த மறுநாள் காலை ஐந்தரைக்குச் சுவர் இருமியது.

அந்தப்பக்கம் சத்தம் தொடங்கும்வரை பொறுத்திருக்கும் சில்லு ஒன்று பெட்டிக்குள் உண்டு. அது எப்போதோ செத்துப்போயிருக்கிறது. மனிதர் தவறாமல் இருமிய வரை யாருக்கும் தெரியவில்லை. இருமல் நின்றதும் பெட்டி மட்டும் நேரம் தவறாமல் எதிர் அலையை எறிந்தது, மோதுவதற்கு எதுவும் இல்லாமல். அலை தலைகீழா நேரா என்று மனிதக் காதுக்குத் தெரியாது. எதிர் இருமலும் இருமலாகத்தான் கேட்கும்.

சுலோச்சனா பயந்துவிட்டாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு உறவெல்லாம் வந்து தங்கும், ஆவி உலாவுகிறது என்று பேச்சு கிளம்பினால் மகனுக்குப் பெண் கொடுத்த வீட்டில் மரியாதை போகும். செத்தவர் சாமான்களை வீட்டில் வைக்கக் கூடாது என்று கட்டில், குடை, செருப்பு எல்லாவற்றையும் கொடுத்தனுப்பியபோது சுவரிலிருந்து பெட்டியையும் பிடுங்கிக் கட்டிலின் மேல் வைத்துவிட்டாள். அது பழைய இரும்புக் கடைக்குப் போனது. அங்கிருந்து நிறைமதியின் வட்டத்துக்கு வந்தது.

எட்டு மாதம் கழித்து சுலோச்சனா, கேலி பண்ணலாம் என்றுதான் கச்சேரிக்குக் கீழே இறங்கினாள். வீட்டில் பேச ஆளில்லை என்பதும் ஒரு காரணம். அதை அவள் சொல்லிக்கொள்ளவில்லை. இரைச்சல் உச்சத்தில் இருக்கும்போது அதன் அடியிலிருந்து மூன்று குட்டை இருமல் வந்தது. ஒரு நீளம். ஒரு கனைப்பு. பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டி ரசித்தார்கள். இவள் பாதி எழுந்து "வெச்சுட்டேங்க" என்றாள். பிறகுதான் செருப்போடு வட்டத்துக்குள் ஏறினாள்.

சங்கச் செயலாளர் தாமோதரன் வந்து இரண்டு பேரையும் ஒரேயடியாகக் கண்டித்தார். ஒலி விதிமீறல் என்று நோட்டீஸ் எழுதப்போவதாகச் சொன்னார், அவர் தம்பி பின்னால் நின்று நிறைமதியையே பார்த்துக்கொண்டிருந்தான். நிறைமதி யாரையும் பார்க்கவில்லை. பெட்டியைக் கட்டிப் பிடித்திருந்த சுலோச்சனாவின் கைகளைப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டாள்.

"எடுத்துட்டுப் போங்கக்கா. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. இது இன்னும் காது கேக்குற பெட்டி. இருமலை எறிஞ்சுட்டு, அந்தப்பக்கம் இருமல் வந்துதான்னு பாக்கும். வரலேன்னா அடுத்த நாள் கொஞ்சம் குறைச்சுக்கும். இங்க மத்த பத்தும் அவரு இருமலைப் புடிச்சு நேரங்கெட்ட நேரத்துலயெல்லாம் திருப்பி எறியுது, அதைக் கேட்டு இது அவரு இருக்காருன்னு நெனைச்சுட்டு இருக்குது. தனியா வெச்சீங்கன்னா மறந்துரும்."

"எத்தனை நாள்ல?"

"தெரியலீங்க. பதினஞ்சு, இருபது."

பழைய ஆணியிலேயே சுலோச்சனா பெட்டியை மாட்டினாள். விடிகாலை ஐந்து மணிக்கே வெந்நீர் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஐந்தரைக்கு வந்தது. முழுதாக, கோழையோடு, எரிச்சலோடு. கனைப்பின்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாள் முழுக்க யாரிடமும் சண்டை போடவில்லை, பால்காரனே என்னம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

ஐந்தாம் நாள் நீள இருமல் குட்டையானது. ஒன்பதாம் நாள் கனைப்பு வரவில்லை. இருபத்தாறு வருடம் அவள் சாமியிடம் வேண்டிக்கொண்டது அதைத்தான். பன்னிரண்டாம் நாள் "சு" என்று மட்டும் ஒரு காற்று வந்து நின்றது. அவள் பதறி ஏழாம் மாடிக்கு ஓடினாள். நிறைமதி தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்து, ஒரே வழிதான் இருக்கிறது, அவரைப் போலவே அந்த நேரத்துக்கு நீங்களே இருமுங்கள் என்றாள்.

அது அவளுக்குக் கஷ்டமில்லை. யாரைப் பிடிக்கவில்லையோ அவர்களைத்தான் நாம் அச்சு அசலாக நடித்துக் காட்டுவோம். அந்த இருமலைச் சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் நடித்துக் காட்டி அவர் முன்னாலேயே சிரிக்க வைத்தவள் அவள். மறுநாள் பெட்டிக்கு அடியில் உட்கார்ந்து மூன்று குட்டை, ஒரு நீளம், ஒரு கனைப்பு, கூடவே "சுலோ, வெந்நி" என்று தன்னையே கூப்பிட்டாள். ஒரு வாரம் அப்படிச் செய்தாள். பெட்டி தேறியது. முதலில் அவளுடைய இருமலுக்குப் பின்னால் மெலிதாகக் கேட்ட அவர் நாளுக்கு நாள் அவளை நெருங்கி வந்தார்.

எட்டாம் நாள் அவள் இருமியபோது எதுவுமே கேட்கவில்லை.

தொண்டை அதிர்ந்தது, தோள் குலுங்கியது, சத்தம் மட்டும் இல்லை. பெட்டி செத்துவிட்டதென்று நினைத்து அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் இரும மனமில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஐந்தரைக்கு அவர் வந்தார், கனைப்போடு, "வெந்நி"யோடு, முதல் நாளைப் போலவே முழுதாக.

அப்போதுதான் புரிந்தது. பெட்டி சரியாக வேலை செய்கிறது. அவள் சரியாக இருமினால் அவர் வந்து அதை விழுங்கிவிடுவார், இரண்டு பேரும் இல்லாமல் போவார்கள். அவள் வாயை மூடிக்கொண்டால் அவரைக் கேட்கலாம், ஆனால் கேட்கிற ஒவ்வொரு நாளும் அவர் கொஞ்சம் தேய்வார். உயிரோடு இருந்தபோது அந்தப் பெட்டி அவர்களுக்குச் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். அன்றைக்கு அது நிம்மதியாக இருந்தது.

விஷயம் குடியிருப்பில் பரவி, நாளைக்கு ஆள் போனாலும் சத்தம் மிஞ்சட்டும் என்று, உயிரோடு இருக்கிற கணவர்களின் பெட்டிகளிலேயே அந்தச் சில்லைக் கழற்றிவிடும்படி மெக்கானிக்கிடம் கேட்டார்கள் பலர். வீட்டில் எதையும் ஒரே நேரத்துக்குச் செய்யாத ஆண்களுக்குத் திட்டு விழுந்தது. நேரத்துக்குக் குறட்டை விடச்சொல்லி ஒரு வீட்டில் பஞ்சாயத்தே நடந்தது.

நிறைமதியின் கச்சேரி பத்துப் பெட்டியோடு இரண்டு வாரம் ஓடியது. முன்பு போல இல்லை என்று வெளியூர்க்காரர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவள் தாமோதரனின் தம்பியைக் கட்டிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போய்விட்டாள். நோட்டீஸ் எழுதிய அண்ணனே தாலி எடுத்துக் கொடுத்தார். புதுவீட்டில் எல்லாச் சுவரிலும் ஒலிவிழுங்கி இருக்கிறதாம், எல்லாம் நன்றாக வேலை செய்கிறதாம்.

சுலோச்சனாவை மகன் ஓசூருக்கு அழைத்துக்கொண்டான். புடவைகளைக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். காலை ஐந்தரைக்கு அத்தை வாயைப் பிளந்து குலுங்குகிறார், சத்தமே வருவதில்லை என்று மருமகள் பயந்து தொண்டை வைத்தியரிடம் கூட்டிப்போனாள். தொண்டையில் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வருடத்தில் ஒரு நாள், குப்புராஜின் திதியன்று மட்டும், அவள் வாயைத் திறப்பதில்லையாம். வெந்நீர் வைத்துவிட்டு, சுவர் ஓரமாக உட்கார்ந்திருப்பாளாம்.