வெள்ளைக் காரும் பாம்பு எழுத்தும்

அப்பாவோடு நெடுஞ்சாலையில் போவதற்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்தில் இன்னும் இரண்டு கணக்குத் தேர்வு எழுதச் சொன்னால்கூட நான் எழுதிவிடுவேன்.

"ஜிங்ஷு! முன்னாடி போற சிவப்புக் கார் எந்த ஊரு? சொல்லு பார்ப்போம்!"

"தெரியாதுப்பா."

"எண் பலகையில முதல்ல என்ன எழுத்து?"

"ஷாண்டோங் மாகாணத்து எழுத்து."

"அதுக்கு அடுத்து?"

"பி-தான். ஏ-ன்னா மாகாணத் தலைநகர். ஷாண்டோங்ல பி-ன்னா சிங்தாவ். கடற்கரை ஊரு. போதுமாப்பா?"

"சபாஷ்! அதோ, அந்த லாரி?"

ஷாங்காயிலிருந்து மேற்கே கிளம்பியதிலிருந்து இதே கதைதான். வசந்த விழாவுக்கு, அதாவது சீனப் புத்தாண்டுக்கு, நாடே சொந்த ஊருக்குப் போகிறது. அதனால் சாலையில் எல்லா மாகாணத்துக் கார்களும் வரிசை கட்டி நின்றன. கார் நகரவில்லை. அப்பாவின் வாய் மட்டும் நிற்கவேயில்லை. அம்மா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தூங்குவது போல நடித்தாள்.

ஒரு வழியாக ஓய்விடம் வந்தது. அங்கேயும் எங்கே பார்த்தாலும் வரிசை. அப்பா பெட்ரோல் வரிசையில் நின்றார். அம்மா கழிப்பறை வரிசைக்குப் போனாள். தேநீரில் வேகவைத்த முட்டை வாங்கும் வரிசையில் என்னை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு முன்னால் இன்னும் இரண்டே பேர். அப்போது யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தேன். நான்கு வயசு இருக்கும், ஒரு குட்டிப் பையன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"நீ எங்க அக்கா இல்ல!" என்றான் கோபமாக, ஏதோ நான்தான் அவனை ஏமாற்றிவிட்டது போல.

"இல்லதான். உங்க அக்காவும் மஞ்சள் சட்டை போட்டிருக்காளா?"

அவன் வாயைத் திறந்து ஓவென்று அழ ஆரம்பித்தான். முட்டை வரிசையை விட்டுவிட்டு அவனைத் தகவல் மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் முட்டை போச்சு!

மையத்தில் ஒலிபெருக்கி முன்னால் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"உன் பேரு என்ன தம்பி?"

"தோதோ."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். தோதோ என்றால் பயறு. தெருவுக்கு நாலு வீட்டில் பிள்ளைகளைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அப்பா போன் நம்பர் தெரியுமா?"

"ஒண்ணு, மூணு, எட்டு... அப்புறம் நிறைய இருக்கு."

"எங்க போறீங்க?"

"சொந்த ஊருக்கு."

"இங்க இருக்கிற எல்லாரும் அங்கதான்டா போறாங்க! சரி, வீடு எங்க?"

"ஷாங்காய்."

"கார் என்ன நிறம்?"

"வெள்ளை."

அக்காவுக்கு முகம் மலர்ந்தது. ஒலிபெருக்கியை இழுத்துக்கொண்டார். "தோதோ என்ற சிறுவன் தகவல் மையத்தில் இருக்கிறான். ஷாங்காய் எண் கொண்ட வெள்ளைக் காரின் உரிமையாளர் உடனே வரவும்."

முதலில் ஒரு பெண் ஓடி வந்தார். அவர் கையில் அவருடைய தோதோ பத்திரமாக இருந்தான். சும்மா பயந்துபோய் வந்தாராம். பிறகு ஒருவர் வந்தார். அவருக்குப் பிள்ளையே இல்லை. வெள்ளைக் காரை எங்காவது இடித்துவிட்டார்களோ என்று பார்க்க வந்திருக்கிறார். அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

அக்கா மறுபடியும் அதையே அறிவித்தார். வெளியே கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெடுஞ்சாலையில் ஏறிக்கொண்டிருந்தன. நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. இந்த நெரிசலில் அடுத்த வழி எப்போது வருமோ!

"தோதோ, நீ இல்லாம உங்க அப்பா எப்படிடா கிளம்புவார்? தேட மாட்டாரா?"

"நான் அப்பா கார்லயும் போவேன், அத்தை கார்லயும் போவேன்," என்றான் பெருமையாக. "அத்தை கார்லதான் மஞ்சள் சட்டை அக்கா இருக்கா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கார்! இவன் அத்தை காரில் இருப்பதாக அப்பா நினைப்பார். அப்பா காரில் இருப்பதாக அத்தை நினைப்பாள். இரண்டு பேரும் நிம்மதியாகக் கிளம்பிப் போய்விடுவார்கள்.

"அக்கா, அறிவிப்பைக் கேட்டும் அவங்க அப்பா வரலைன்னா, ஷாங்காய் எண்ணுன்னு சொல்றதாலதான். அது அவர் கார் எண்ணா இருக்காது!"

"ஷாங்காய்ல வீடு இருந்தா ஷாங்காய் எண்தானே இருக்கும்? நீ வேற ஏம்மா உயிரை வாங்குற?"

"எங்க வீடும் ஷாங்காய்லதான் இருக்கு! எங்க கார்ல அன்ஹுய் எண்தான். ஷாங்காய் எண் ஏலத்துலதான் கிடைக்கும். விலையைக் கேட்டா தலை சுத்தும். அதனால அப்பா சொந்த ஊர்ல பதிவு பண்ணிட்டார். வெளியூர் எண்ணுன்னு பகல்ல மேம்பாலச் சாலையில விட மாட்டாங்க. தினமும் ஊரைச் சுத்திட்டு வந்து எங்க உயிரை வாங்குவார்!"

அக்கா என்னையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. அப்போ இவன் சொந்த ஊரு எது? அதுதான் இவனுக்கே தெரியலையே."

நான் தோதோவின் முன்னால் குந்தினேன். "உங்க காரோட எண் பலகையைப் பார்த்திருக்கியா?"

"ம். அப்பா கார் கழுவுறப்ப நான்தான் பாம்பைத் துடைப்பேன்."

"பாம்பா?" என்று அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"எந்த மாதிரிப் பாம்பு? எழுதிக் காட்டு."

அவன் மூக்கைத் துடைத்த அதே விரலால் கண்ணாடி மேசையில் வளைத்து வளைத்துக் கோடு போட்டான். எஸ்!

மாகாண எழுத்து அவனுக்குத் தெரியவில்லை. "நிறையக் கோடு இருக்கும்," என்றான். எந்த எழுத்தில்தான் கோடு இல்லை? எனக்கு அழுகை வந்தது. எஸ் என்று எத்தனையோ மாகாணங்களில் ஓர் ஊர் இருக்கிறது. அப்பா ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு என் பிராணனை வாங்கியிருக்கிறார். குவாங்டோங் எஸ் என்றால் துங்குவான். அது தெற்கே எங்கோ இருக்கிறது. இந்தச் சாலையில் ஏன் வரப்போகிறார்கள்? அன்ஹுய் எஸ் என்றால் போஜோ.

"தோதோ, தாத்தா ஊர்ல என்ன இருக்கும்?"

"நாய் இருக்கும்."

"அப்புறம்?"

"கோழி."

"ஐயோ, வேற என்னடா!"

"மலை. மலை பூரா தேயிலைச் செடி. அதுக்குள்ள ஒளிஞ்சா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

போஜோவில் மலையே கிடையாது. எல்லாம் தட்டையான வயல்தான். தேயிலை மலையும் வேண்டும், எஸ் எழுத்தும் வேண்டும், இதே சாலையில் மேற்கேயும் இருக்க வேண்டும்.

"ஹெனான்! ஹெனான் எஸ்! சின்யாங் ஊரு! அக்கா, சீக்கிரம் சொல்லுங்க!"

"தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா மறுபடி ஷாங்காய்னே கத்துங்க. நான் குறுக்கே வர மாட்டேன்."

அக்கா கரகரத்த குரலில் அறிவித்தார். "ஹெனான் எஸ் எண் கொண்ட வெள்ளைக் காரில் வந்தவர்களே! உங்கள் தோதோ உங்களிடம் இல்லை! இங்கே இருக்கிறான்! இன்னொரு காரிலும் இல்லை!"

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோதோ என் கையை இறுக்கிப் பிடித்திருந்தான். பிறகு கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவர் ஓடி வந்தார். ஒரு காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது.

"அப்பா!"

அவர் பையனை வாரி எடுத்தார். அவனை இறுக்கிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"நான் கேட்டேன்! ரெண்டு தடவையும் கேட்டேன்! ஷாங்காய் எண்ணுன்னு சொன்னாங்க. யார் பெத்த பிள்ளையோ, பாவம்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டு வண்டியைக் கிளப்பிட்டேன். நல்லவேளை, வெளியேறுற வழியில நெரிசல்ல மாட்டிக்கிட்டேன். எங்க அக்கா முன்னாடி போயிட்டா. இவன் அவகூட இருக்கான்னே நினைச்சேன்!"

"அவங்களும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க," என்றேன் எரிச்சலோடு. "கிளம்புறதுக்கு முன்னாடி எண்ணிப் பார்க்க மாட்டீங்களா?"

அவர் என்னைத் திட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் போய்விட்டது.

வெளியேறும் வழியில் இன்னொரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. நெரிசலில் அதுவும் நகரவில்லை. மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் அதன் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். தோதோவின் அப்பா தன் காரை அதன் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"தோதோ எங்க?" என்று முன் காரிலிருந்து அத்தை அலறினாள்.

"என் கார்ல!"

"நிஜமாவா? தூக்கிக் காட்டு!"

ஜன்னல் வழியாக தோதோவைத் தூக்கிக் காட்டினார்கள். அவன் வாயில் ஒரு முழுத் தேநீர் முட்டை இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அத்தை காரைக் கிளப்பினாள்.