பூநாரைகள் கரைக்கு வரவில்லை

இத்தாலியில் வேலை செய்யும் ரிஹாபின் அப்பா கோடையில்தான் ஊருக்கு வருவார். அப்போது ஏரியில் பூநாரைகள் அதிகம் இருக்காது. இலையுதிர்காலத்தில் அவை கூட்டமாக வந்து இறங்கும்போது, அப்பா இத்தாலிக்குக் கப்பல் ஏறியிருப்பார். ஒவ்வோர் ஆண்டும் இப்படித்தான்.

இந்த முறை குளிர்கால முடிவில் ஒரு வாரம் வருவதாக அப்பா போனில் சொன்னார்.

"உன் பூநாரைங்களைக் காட்டுவியா?"

"பக்கத்துலயே காட்டுறேன்ப்பா."

சொல்லிவிட்டாள். ஆனால் இந்தக் குளிர்காலத்தில் அவை துனிஸ் ஏரிக்கரைப் பூங்காவை நெருங்கவே இல்லை. தண்ணீரின் மறுகோடியில் ஓர் இளஞ்சிவப்புக் கோடு, அவ்வளவுதான்.

ரிஹாப் கல்பெஞ்சில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தாள். பக்கத்து வீட்டு மெஹ்ரெஸ் மாமா பையோடு வந்தார். காய்ந்த ரொட்டித் துண்டு ஒவ்வொன்றையும் முத்தமிட்டுத் தண்ணீரில் போட்டார். கடற்காகங்கள் கத்திக்கொண்டு பாய்ந்தன. நாய்களும் ஓடிவந்து குரைத்தன. இளஞ்சிவப்புக் கோடு இன்னும் தள்ளிப் போனது.

"மாமா, ரொட்டியை இங்க போடாம இருக்கலாமே?"

"வேற எங்க போட? குப்பையிலயா? இப்படிப் பேசுற உன் வாயில மிளகாய் விழுதுதான் தடவணும்."

மாமா நல்லவர். ரொட்டியை வீசியெறிவது பாவம் என்று பயந்தவர். ரிஹாப் கரையையே பார்த்தாள்.

"மாமா, பாதி ரொட்டி சேத்துல கிடக்கு. நாய் மிதிக்குது பாருங்க."

மாமா குனிந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"பூங்காவுக்குப் பின்னாடி ஆடு வளர்க்கிற ஸுஹைரா அத்தை காய்ஞ்ச ரொட்டி தேடுறாங்க. நீங்க பையை உங்க வீட்டு வாசக் கம்பியில மாட்டுங்க. நான் கொண்டுபோய்க் குடுக்குறேன்."

"நீ வக்கீலாத்தான் போவ," என்றார் மாமா.

மறுநாள் பை கம்பியில் தொங்கியது. கடற்காகங்கள் சில நாள் காத்திருந்தன. பிறகு துறைமுகத்துக்கே திரும்பிவிட்டன. நாய்களும் வரவில்லை. கோடு மெல்ல மெல்ல நெருங்கியது.

அப்பா வந்தார். வந்த நாளிலிருந்து விடாத மழை. அவர் கிளம்ப வேண்டிய நாள் காலையில்தான் வானம் வெளுத்தது.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்தபடி வந்தன. இன்னும் கொஞ்சம் வந்தன. வளைந்த அலகிலிருந்து நீர் சொட்டும் சத்தம்கூடக் கேட்டது.

ரிஹாப் மெதுவாக, "அப்பா, கப்பலுக்கு நேரமாகுது," என்றாள்.

அப்பா எழுந்திருக்கவில்லை.

"அசையாதே, பறந்துடும்," என்று கிசுகிசுத்துவிட்டு, அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.