பிரின்சி போர்த்திய ஈரக் கோணி

"யார்ரா நீ? எங்க மாடில இன்னா பண்ற?"

துணி வாளியோடு பிரின்சி கத்திய கத்தலில், தண்ணீர்த் தொட்டி மேல் நின்றவன் விழாதது அதிசயம்தான். திரும்பினான். மழை கட்டிய வானத்துக்குக் கீழே... பயந்துபோன இரண்டு பெரிய கண்கள். திருடனுக்கு இப்படிக் கண் இருக்கலாமோ என்று ஒரு நொடி தடுமாறி, அந்தத் தடுமாற்றத்துக்கும் சேர்த்து அவனை முறைத்தாள்.

"பார்த்திபன்ங்க... காத்து அளக்குற மெஷின் வச்சவன். ஊட்டு ஓனர்கிட்ட கேட்டுக்கினுதான் வச்சேன்."

டெல்லியில் புதுச் சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம். காற்றைக் கெடுக்கும் ஆலைகளுக்குக் கூடுதல் வரி, புகைபோக்கிக்கு எதிரே கேமரா. அதற்காகக் கும்மிடிப்பூண்டிக் காற்றை ஒரு மாதமாக அளக்கிறார்கள். நாளை திருவள்ளூரில் கருத்துக்கேட்புக் கூட்டம்.

"நல்லா அளங்க. இரும்பு மில்லுல வேலை செஞ்சே எங்கப்பா மூச்சு வாங்கிக்கினு கெடக்குறாரு."

"அதாங்க பேஜாரு... உங்க தெருக் காத்து ஊட்டி மாதிரி சுத்தமா இருக்குதுன்னு மெஷின் சொல்லுது."

பிரின்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் துடைத்த கைப்பிடிச் சுவரில் மதியம் விரலால் பெயர் எழுதலாம்... ஊட்டியாம் ஊட்டி!

அவன் தயங்கித் தயங்கி போனை நீட்டினான். திரையில் அவளே! இந்தத் தெருப் பெண்கள் எல்லோரையும் போல, துணி உலர்த்துமுன் கரித்தூள் அடங்க மாடியெங்கும் தண்ணீர் தெளிக்கிறாள். வீட்டு ஓனரின் ஏதோ கரண்டுப் பெட்டி என்று நினைத்து, பாவம், அதில் மட்டும் ஏன் கரி படியணும் என்று, அந்த மெஷினுக்கும் ஈரக் கோணி போர்த்துகிறாள். தினமும்!

தான்தான் அத்தனை புகையையும் மறைத்தவளா? அடுத்த நொடிதான் இன்னொன்று உறைத்தது.

"கேமராவா? ஒரு மாசமா என்னைப் பாத்துக்கினு இருந்தியா?"

"சத்தியமா இல்லீங்க! மெஷினைக் காக்க தொட்டி மேல வச்ச கேமரா அது. கணக்கு ஒதைக்குதேன்னு இன்னிக்குதான் தொறந்து பாத்தேன்..."

"நான் அழுவறதும் இருக்குதா?"

அவன் தலை குனிந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் அழ அவளுக்கு இந்த மாடியை விட்டால் வேறு இடமில்லை. அதையுமா...

"அழிச்சுடு."

"அழிச்சா கோணிக்கு சாட்சி இல்ல. காத்து சுத்தம்னு எழுதிடுவாங்க, மில்லுக்குக் கேள்வியே இருக்காது. ஆனா அதுல இருக்கறது உங்க மூஞ்சி... நீங்களே முடிவு பண்ணுங்க." போனை அவள் கையிலேயே வைத்தான்.

கீழே அப்பா இருமினார். பிரின்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அழித்தாள்.

"சாட்சி நான்தான். நாளைக்கு வந்து என் வாயாலயே சொல்றேன். கேக்காம யார் மாடிலயும் கேமரா வெக்காதீங்கன்னும் சேத்து சொல்றேன்."

"நானும் சொல்றேன். மெஷினை வச்சிட்டு ஒரு தபா கூட வந்து பாக்காதவன் நான். வேலை போனா போவுது."

தூறல் விழுந்தது. இருவரும் நகரவில்லை.

"இன்னொண்ணும் சொல்லணும்ங்க... நீங்க அழுததைப் பாத்ததும் ஆபீசுக்கு அனுப்ப மனசே வரல. ஓனருக்கு போன் பண்ணி கோணியை எடுக்கச் சொன்னாலே போதும்... ஆனா நேர்ல வந்தேன். உங்களை... எனக்குப் புடிச்சிருக்குதுங்க."

அன்றைய அதிர்ச்சிகளில் இதுதான் அவளை அப்படியே உட்கார வைத்தது.

"கூட்டத்துல பேசறப்ப எனக்குக் கை நடுங்கும்..." என்றாள் கடைசியில், அவனைப் பார்க்காமல். "பக்கத்துலயே நில்லுங்க. எல்லாரும் பாத்தாலும் பரவால்ல."