விலக்கலைப் பெட்டி

விலக்கலைப் பெட்டி வந்த பிறகு கோவையில் எலிக்கு யாரும் மருந்து வைப்பதில்லை. பெட்டிக்குள் எலியின் முடி ஒன்றைப் போட்டால், எலிகளுக்கு மட்டும் உறைக்கிற அலை கட்டடமெங்கும் பரவும். காரணம் தெரியாத கலக்கம் பிடித்து அவை தாமாகவே வெளியேறிவிடும். ஓர் உயிரும் சாகாது.

ஆறு வீடுகள் கொண்ட அடுக்ககத்தின் செயலாளர் கோமளவல்லிக்கு அதில் பெருமை. தீராத தலைவலி மேல்வீட்டு நர்ஸ் அற்புதம்தான். ஜன்னலில் அரிசி இறைத்துப் புறாக்களைக் கூட்டினாள். மொட்டை மாடிப் பெட்டியில் கோமளவல்லி போட்ட புறா இறகை எடுத்து எறிந்தவளும் அவளே.

"மொட்டை மாடி பூரா எச்சம். நல்லாவா இருக்குது?"

"வாயில்லா ஜீவனுங்கக்கா. அதுகளை எதுக்குப் பயமுறுத்தோணும்?"

"அப்ப நீயும் அதுககூடவே போயிரு."

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு நுண்திருகு உண்டு. கூட்டத்தை விட்டுவிட்டு, சேட்டை செய்யும் ஒற்றைக் குரங்கை மட்டும் விலக்குவதற்காக வைத்தது. கோமளவல்லி அதைக் கடைசிவரை திருகி, படிக்கட்டில் கிடந்த அற்புதத்தின் நீளமுடியை உள்ளே போட்டாள்.

பத்தாம் நாள் அற்புதம் சாமான்களை வண்டியில் ஏற்றினாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"என்னன்னே தெரியலீங்கக்கா. கதவைத் தொறந்தாலே நெஞ்சு படபடங்குது."

கோமளவல்லி அன்று பாயசம் வைத்தாள்.

"பத்தே நாள்ல கெளப்பிட்டீங்களே, எப்படீங்க?" என்று கீழ்வீட்டு நஞ்சப்பன் கேட்டார். பெருமை தாங்காமல் சொல்லிவிட்டாள்.

அடுத்த மாதம் ஒரு காலையில் அவளால் தன் சமையலறையில் நிற்க முடியவில்லை. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். கூடத்திலும் சுவர்கள் தன்னை வெறிப்பதுபோல் இருந்தது. கேட்டைத் தாண்டியதும்தான் மூச்சு சீரானது. விஷயம் புரிந்துபோயிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடிப் பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே பத்துப் பன்னிரண்டு முடிகள். நஞ்சப்பனின் நரை, எதிர்வீட்டுச் சிவகாமியின் மருதாணிச் சிவப்பு, ஏதோ ஒரு குழந்தையின் பூமுடி. ஒருவருக்கு மற்றவர் வைத்தது. இந்த வாரம் எல்லோரும் வேலை விட்டு வந்தும் வீட்டுக்குள் போகாமல் தெருவிலேயே நின்றது ஏனென்று தெரிந்தது.

கோமளவல்லி தன் சுருள்முடியை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மூடியைச் சாத்தினாள்.

படியிறங்கும்போது சிவகாமி எதிரே ஏறி வந்தாள். நின்று, சிரித்து, கோமளவல்லியின் தோளைத் தட்டிவிட்டாள்.

"சீலைல முடி ஒட்டியிருந்துச்சுங்கக்கா."

எடுத்ததைக் கீழே போடாமல், விரலிடுக்கில் பிடித்தபடியே மேலே போனாள்.