எதைத் தொட்டாலும் திறக்கும் கதவு

லேப்டாப் திரையில் சுகுணா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

சோபனா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதே பச்சைப் புடவை, அதே தளர்ந்த பின்னல், கதவுக்குப் பின்னால் அதே மஞ்சள் வெளிச்சம். முகம் மட்டும் இல்லை. இந்த இடத்தில் சுகுணா வாசலைப் பார்த்து லேசாகச் சிரிக்க வேண்டும். சோபனா எழுதியது அப்படித்தான்.

வெளியே மத்தியானத்திலிருந்து விடாத மழை. ஆம்பூரில் மழை பெய்தால் தோல் பதனிடும் வாடை கரைந்து போவதில்லை, இன்னும் கனத்துப்போகும். அது ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே நுழைந்து, கொடியில் காயாமல் தொங்கிய துணிகளிலும் மேஜைமேல் ஆறிப்போன டீயிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆகியும் விளக்கைப் போட அவளுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. கழுத்து வலித்தது. வேலூரில் இருந்த அஃப்ரோஸுக்குப் போன் செய்தாள். சோபனா கதை எழுதும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு எல்லாப் படங்களையும் வரைந்தவள் அவள்தான். சுகுணாவின் முதுகுப் படத்தை எதற்கு இந்தக் காட்சியில் போட்டாய் என்று சோபனா கேட்டாள்.

அஃப்ரோஸ் மெதுவாகச் சொன்னாள்.

"நான் முதுகு வரையவே இல்லக்கா. எல்லாமே முன்பக்கம்தான். வேற இன்னாத்தயோ பாக்குறீங்க."

ஏதோ படம் மாறி ஏறியிருக்கும், காலையில் பார்க்கிறேன் என்று சொல்லி சோபனா போனை வைத்துவிட்டாள்.

சோபனா முன்பு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் செக்‌ஷனில் இருந்தவள். கம்பெனி பஸ்ஸில் போய்வரும்போது போனில் கதை எழுதி இணையத்தில் போடுவாள். கழுத்து எலும்பு தேய்ந்து வேலையை விட்ட பிறகு, அந்தக் கதைகளைப் படித்துவிட்டுத் தபரேஸ் தேடி வந்தான். வேலூரில் ஒரு மாடி அறையில் விளையாட்டு தயாரிக்கும் பையன். பெரியவர்களுக்கான விஷுவல் நாவல். திரையில் ஒரு படம், கீழே வசனம். அங்கங்கே கதை நின்று, அடுத்து என்ன செய்வது என்று ஆடுகிறவனைக் கேட்கும். அவன் தொடுகிற பதிலுக்குத் தகுந்தபடி கதை வேறு வேறு வழியில் போகும். கூச்சமாக இருந்தாலும் சோபனா ஒப்புக்கொண்டாள். கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் மக்பூல் அகமதுவிடம் டைப்பிங் வேலை என்று சொல்லி வைத்திருந்தாள்.

கதையில் சுகுணா தனியாக வாடகைக்கு இருக்கும் முப்பது வயதுப் பெண். பக்கத்து வீட்டுக்காரன் அவள் கதவுக்கு வருகிறான். ஆடுகிறவன்தான் அவன். கதவைத் தட்டு, காத்திரு, திரும்பிப் போ என்று மூன்று பதில்கள். சோபனா முதலில் எழுதியதில், காத்திருக்கத் தெரிந்தவனுக்குச் சுகுணா கொஞ்சம் கொஞ்சமாக மனதைத் திறப்பாள். தட்டிக்கொண்டே இருப்பவனிடம் முடியாது என்று சொல்லிவிடுவாள். அப்படிச் சொன்ன பிறகுதான் அவள் வளர ஆரம்பிப்பாள். ஸ்கூட்டர் ஓட்டப் பழகுவாள், வேலை மாறுவாள், வசனத்தில் ஒரு கிண்டல் வரும். எழுதும்போது சோபனாவே சிரித்த பக்கங்கள் அவை.

விளையாடிப் பார்த்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. கதவு திறக்காவிட்டால் எதற்கு ஆட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். தபரேஸ் பத்து முறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விஷயத்துக்கு வந்தான். மூன்று பதிலும் இருக்கட்டும், எதைத் தொட்டாலும் அவள் திறக்கட்டும் என்றான். எல்லாம் ஒரே இடத்துக்குப் போகுமென்றால் ஆடுகிறவனை எதற்குக் கேட்க வேண்டும் என்று சோபனா கேட்டாள்.

"கேட்ட மாதிரி இருக்கணும்க்கா. அவ்ளோதான். ஜாஸ்தி யோசிக்காதீங்க."

சண்டை போடத் தெம்பில்லை. போன வாரம் ஒரே மூச்சில் மாற்றிக் கொடுத்துவிட்டாள். ஸ்கூட்டர் போனது. புது வேலை போனது. முடியாது என்ற வசனமும் போனது. அந்த ஒரு வசனத்தை அவள் யோசித்து எழுதியிருக்கவில்லை. குடியாத்தத்தில், புருஷன் வீட்டில், சாத்திய கதவுக்கு உள்ளே நின்று அவள் ஒருநாள் சொன்னது அது. அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை.

இப்போது சோபனா காட்சியை முதலிலிருந்து ஓட்டினாள். மூன்று பதில்களும் வந்தன. திரும்பிப் போ என்பதைத் தொட்டாள். 'கதவு திறந்தது' என்று கீழே எழுத்து ஓடியது. சுகுணா திரும்பவில்லை. ஆனால் அவள் முன்பைவிடச் சின்னதாகத் தெரிந்தாள். மஞ்சள் வெளிச்சத்தைத் தாண்டி, படத்தில் வரையாத ஏதோ ஓர் இடத்துக்கு உள்ளே போயிருந்தாள். காத்திரு என்பதைத் தொட்டாள். கதவு திறந்தது. சுகுணா இன்னும் தள்ளி, சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் தோள் குறுகியிருந்தது. கீழே ஒரு சொல் வந்தது.

'வராத.'

சோபனா விளையாட்டை மூடிவிட்டு, வசனங்கள் இருக்கும் கோப்பைத் திறந்து அந்தச் சொல்லைத் தேடினாள். இல்லை. எழுத்தை மாற்றி அடித்தும் தேடினாள். இல்லை. கண் எரிந்தது. தூக்கம் கெட்டால் இப்படித்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டபோது கரண்ட் போனது. பேட்டரி செத்த லேப்டாப்பும் கூடவே அணைந்தது.

மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. தகரக் கூரைமேல் அது விழும் சத்தம், குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம், எங்கோ தூரத்தில் லாரிச் சக்கரம் சேற்றில் சுற்றும் சத்தம். இவற்றுக்கு அடியில் இன்னொன்று. டொக். டொக். டொக்.

வாசல் கதவு இல்லை. உள் அறைக் கதவு.

உள் அறை ஒழுகும் என்று சாமான்களைப் போட்டுச் சாத்தி வைத்திருந்தாள். தாழ்ப்பாள் இந்தப் பக்கம் மட்டும்தான். வேறு வழி கிடையாது. கீழே மக்பூல் அகமது வீட்டில் எல்லோரும் வாணியம்பாடிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மாடியில் அவள் ஒருத்தி.

எலியாக இருக்கலாம். பெட்டி சரிந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் பார்க்கத் தேவையில்லை, கீழே போய்த் தெருமுனை டீக்கடையில் உட்காரலாம் என்று முடிவு செய்தாள். குடையை எடுத்தாள், செருப்பை மாட்டினாள், வாசல் கதவின் பிடியை இருட்டில் தடவிப் பிடித்தாள். கையில் பட்டது துருப்பிடித்த தாழ்ப்பாள். உள் அறைத் தாழ்ப்பாள்.

கையை உதறி எடுத்தாள். வாசல் அவளுக்குப் பின்னால், அறையின் மறுகோடியில் இருந்தது.

சரி, எங்கும் போக வேண்டாம். நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கரண்ட் வரும்வரை அசையக் கூடாது. இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு கண்ணை மூடினாள். டொக். டொக். மழை. தோல் வாடை. டொக். கண்ணைத் திறந்தபோது முகத்துக்கு நேராக மரம். மூச்சுப் பட்டு அது ஈரமாக இருந்தது. உள் அறைக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

இடது கையால் போனை எடுத்துத் தபரேஸை அழைத்தாள். அவன் பஸ்ஸில் இருந்தான். இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்தது. யாராவது வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்க வாயெடுத்தாள். அவன் முந்திக்கொண்டான்.

"அக்கா, பின்னாடி யாரு? ஒரு பொம்பள வேணாம் வேணாம்னு சொல்றாங்களே."

"யாருமில்ல தம்பி. நான் மட்டும்தான் இருக்கேன்."

"அப்ப நீங்க எதுக்குக்கா அப்டிப் போட்டுத் தட்டிட்டிருக்கீங்க?"

அவள் தன் வலது கையைப் பார்த்தாள்.

அது மேலே போனது. மடங்கியிருந்தது. கீழே வந்தது. டொக். விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. போன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அதன் வெளிச்சம் அணைந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. களைத்துப்போன குரல். நெடுநேரம் சொல்லிச் சொல்லி அடங்கிப்போனது.

"வராத. முடியாதுன்னு சொல்றேன்ல."

எழுதிய வசனம். அழித்த வசனம். குடியாத்தத்து வசனம்.

நான் வரலம்மா, போய்டறேன் என்று சொல்லத்தான் சோபனா வாயைத் திறந்தாள். சொல்லவும் சொன்னாள். கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். திரும்பினாள். நிஜமாகவே திரும்பினாள்.

கதவு எதிரில் இருந்தது.

மறுபடி திரும்பினாள்.

கதவு.

தாழ்ப்பாள் இந்தப் பக்கம்தான். சத்தம் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. இரும்பு உராயும் சத்தம். இழுக்க மனமில்லாத ஒரு கை இழுப்பதுபோல. கொஞ்சம். நின்று. இன்னும் கொஞ்சம்.

"திறக்காத," என்றாள் சோபனா. "வேணாம். நீ திறக்காத."

கதவு திறந்தது.

மஞ்சள் வெளிச்சம். அறை அவள் அறை இல்லை. நீளமாக இருந்தது. கடைசி மூலையில் பச்சைப் புடவை. முகம் இந்தப் பக்கம் பார்த்திருந்தது. அஃப்ரோஸ் வரைந்த முகம். லேசான சிரிப்பு. உதடு அசையவில்லை. சிரிப்பு மாறவில்லை. அதற்குள்ளிருந்து அந்தக் குரல் மட்டும் வராத, வராத என்று வந்துகொண்டே இருந்தது.

தரை முழுவதும் ஷூக்கள். ஆண்கள் ஷூக்கள். ஜோடி ஜோடியாக, சுவரிலிருந்து சுவர் வரைக்கும். மழையில் நனைந்தவை. ஆவி எழுந்தது. ஒவ்வொன்றின் முனையும் மூலையைப் பார்த்திருந்தது. காலே இல்லாத ஷூக்கள், ஆள் நிற்பதுபோல வார் இறுகி, முன்னால் அழுந்தி நின்றன.

கடைசி வரிசை நிலைப்படிக்குப் பக்கத்தில் முடிந்தது. அதில் ஒரு ஜோடிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. இத்தனை வருஷம் ஷூ பார்த்த கண்ணுக்கு அளவு தெரியாமலா இருக்கும். சின்ன அளவு. பெண் கால். அவள் மாட்டியிருந்த செருப்பின் அளவு.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பக்கத்து ஷூக்களும் ஆளுக்குக் கொஞ்சம் ஒதுங்கி, அந்த இடத்தை அகலமாக்கின.